ஞாயிற்றுக்கிழமைக் காதுகள்

என் அம்மாவின் காதை விற்றுத்தான் நான் சாப்பிடுகிறேன். கேட்பதற்கு ஒரு மாதிரியாக இருக்கிறதா? இருக்கட்டும். ஒன்பது வருடமாக வெளிநாட்டில் ஓவியனாகக் குப்பை கொட்டுகிறேன், என் பிழைப்பை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல முடியும்.

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு காதுகள். பென்சிலிலும் கரியிலும் வரைந்தவை. எல்லாம் அம்மாவுடையவை, ஒவ்வொன்றின் கீழும் நாள், மாதம், வருடம் போட்டிருக்கும். இதைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஊரில் யாராவது "தம்பி அங்க என்ன பண்றான்?" என்று கேட்டால் அக்கா, "ஓவியன், பெரிய ஆளு" என்பாள். "என்ன வரைவான்?" என்று அடுத்த கேள்வி வந்தால் மட்டும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவாள்.

படிக்க வந்தவன்தான் நான். இரண்டு வருடப் படிப்பு. முடிந்ததும் ஊர் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. "ஒரு வருஷம் இருந்து பார்க்கறேன்மா" என்றேன். அந்த ஒரு வருடத்தில் எந்தக் கேலரியும் என்னை வாசலுக்குள் விடவில்லை. வண்ணம் வாங்கக்கூட வழியில்லாமல் ஒரு ஃபிரேம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்தவன் வரைந்த படத்துக்கு நான் சட்டம் போட வேண்டும். இதைவிட ஒரு ஓவியனுக்கு வேறு என்ன தண்டனை வேண்டும்?

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தடித்த வெள்ளை அட்டை வைப்பார்கள். அதன் நடுவை ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்துவிட்டால், அந்த ஜன்னலுக்குள் படம் தெரியும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கை நடுங்கினால் அட்டை போச்சு, முதலாளி வாயைத் திறந்தால் அன்றைய நாளும் போச்சு. வெட்டி எடுத்த நடுத்துண்டு குப்பைக் கூடைக்குப் போகும். நல்ல அட்டை, பருத்தியில் செய்தது, தொட்டால் விட மனம் வராது. நான் அந்தத் துண்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் நல்ல மனுஷன்.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு தடவை ஊருக்குப் போனேன். பன்னிரண்டு நாள். அம்மாவுக்கு ஒரு நல்ல செல்போன் வாங்கிப் போயிருந்தேன், வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்று. பன்னிரண்டு நாளும் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கிளம்புகிற அன்று டாக்சி வாசலில் நிற்கிறது, அப்போதுதான் நினைவு வந்து அவசர அவசரமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

"மணி அடிச்சா இந்தப் பச்சையைத் தள்ளும்மா. அவ்வளவுதான்."

"தள்ளிட்டு?"

"தள்ளிட்டுப் பேசு."

அம்மா அவளுக்குத் தெரிந்த மாதிரி பேசினாள். பச்சையைத் தள்ளினாள், போனைக் காதில் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே என் அறையில் ஆசை ஆசையாக உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு அரை நொடி மோவாய் தெரிந்தது, அப்புறம் மூக்குத் துவாரம் இரண்டு, அப்புறம் சட்டென்று ஒரு காது.

"அம்மா, போனை முன்னாடி பிடி. முகம் தெரியல."

"நல்லாக் கேக்குதுப்பா. சாப்பிட்டியா?"

"கேக்கறது இருக்கட்டும்மா, முகத்தைக் காட்டு."

"காது கிட்ட வச்சாத்தானே கேக்கும்? நீ சொல்லு."

இவளோடு யார் மல்லுக்கட்டுவது? சிரித்துக்கொண்டே கையில் கிடைத்த அட்டைத்துண்டில் அந்தக் காதை வரைந்தேன். வலது காது. மடல் கொஞ்சம் நீளம், சின்னத் தோடு, தோட்டுக்கு மேலே முன்னொரு காலத்தில் குத்தி மூடிப்போன ஒரு துளையின் தடம், காதோரம் மூன்று நரைமுடி. கீழே தேதி போட்டேன். இருபத்தைந்து வருடம் கூடவே இருந்திருக்கிறேன், அந்தத் துளையை ஒரு நாள் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்கு ஞாயிறு காலை, அவளுக்கு ஞாயிறு பிற்பகல். ஜன்னலோரம் மேசை, டீ, கரித்துண்டு, அட்டை. போனை ஒரு பெயின்ட் டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவேன். நான் பேசுவேன், கை வரையும், சில ஞாயிறு வரையாது. அம்மா "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்து "எப்ப வர்ற, தேதி சொல்லு" என்று முடிப்பாள். "அடுத்த வருஷம்மா" என்பேன். "சரிப்பா" என்பாள்.

போட்டோ வராமலா இருந்தது? அக்கா அனுப்புவாள். கேமராவைக் கண்டால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது அடையாள அட்டைக்கான முகம், என் அம்மாவின் முகமில்லை. பேசும்போது அவளுக்கு ஒரு புருவம் தானாக மேலே ஏறும். அது எந்தப் போட்டோவிலும் கிடையாது. அந்தப் புருவத்துக்காக நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். பச்சையைத் தள்ளுகிற அந்த அரை நொடிக்காக ஒவ்வொரு வாரமும் கண்ணை இமைக்காமல் காத்திருப்பேன், மோவாய்க்கு மேலே எதுவும் வராது.

ஒரு நாள் ஃபிரேம் கடைக்கு ஒரு கேலரிக்காரப் பெண்மணி வந்தார். தலைமுடியை அளவுகோல் வைத்து வெட்டியது மாதிரி நாலு பக்கமும் நேராக வெட்டியிருப்பார். மனதுக்குள் "சதுரம்" என்று பெயர் வைத்தேன், இன்றுவரை அதுதான் பெயர். என் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அட்டையை அவரே உருவி எடுத்தார். அவர் மொழியில் பேசினதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"யாரோட காது?"

"எங்க அம்மாவோடது."

"இன்னும் இருக்கா?"

"அம்மாவா?"

"காது."

"வீட்ல ஐம்பது இருக்கு."

அந்த ஐம்பதில்தான் என் தலையெழுத்து மாறியது. சின்ன அறை ஒன்றில் காட்சி வைத்தார்கள். நாலு காது அன்றைக்கே விலை போனது. பத்திரிகையில் எழுதினார்கள். அப்புறம் வேறு ஊர், வேறு நாடு, ஒரு பரிசு. கடை வேலையை விட்டேன். முதலாளி கைகுலுக்கி, "இனிமே அட்டையைக் காசு குடுத்து வாங்கிக்க" என்றார். கால் தரையில் படாமல் நடந்த நாட்கள் அவை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள். அவள் வீடு அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

"டேய், அம்மாவுக்குப் போனை எப்படிப் பிடிக்கறதுன்னு நான் சொல்லித் தரேன். பாவம் நீ, வருஷக் கணக்கா காதையே பாத்துட்டு உக்காந்திருக்கே."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சொல்லித் தா அக்கா, கோடி புண்ணியம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "வேண்டாம்க்கா, விடு. அம்மாவுக்கு அதுதான் வசதி."

"உனக்கு முகம் பார்க்க வேண்டாமா?"

"இருக்கட்டும்க்கா."

பச்சையாகச் சொல்கிறேன். அம்மா முகத்தைக் காட்டிவிட்டால் என் பிழைப்பில் மண் விழும் என்று பயந்தேன். முகத்துக்கு ஏங்கினவனும் நான்தான், முகம் வராமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். அப்புறம் அந்த ஏக்கத்தைக் கரியில் குழைத்து விற்றேன், அது பிரமாதமாக விற்றது.

போகப் போகப் படங்கள் மாறின. அம்மா சில வாரம் போனை இடது காதில் வைத்தாள். அப்புறம் இடது காதிலேயே வைத்தாள். காது பெரிதாகிக்கொண்டே வந்தது, மடல் மட்டும், மடலின் ஒரு வளைவு மட்டும். கடைசி ஒன்றரை வருடத்தில் திரை முழுக்க இருட்டு, ஓரத்தில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம். தெரிவதைத்தானே வரைய முடியும்? இருட்டை வரைந்தேன். அட்டை முழுக்கக் கரியைத் தேய்த்து, ஓரத்தில் ரப்பரால் ஒரு கோடு இழுத்தேன். விமர்சகர்கள் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். உருவத்தை விட்டு அருவத்துக்கு நகரும் துணிச்சல் என்று ஒருவர் எழுதினார். மேடையில் இதைப் பற்றி என்னைக் கேட்டபோது நானும் மோவாயைத் தடவிக்கொண்டு, ஆமாம், நெடுநாள் யோசனைக்குப் பிறகு எடுத்த முடிவு என்றேன். கூசாமல் சொன்னேன்.

மூன்று மாதத்துக்கு முன் இங்கே ஒரு கலைக் கல்லூரியில் நிரந்தர வேலை தருகிறோம் என்றார்கள். கூடவே பெரிய ஸ்டூடியோ. அதை வாங்கிக்கொண்டால் நான் இந்த நாட்டுக்காரன் மாதிரிதான், இனி ஊர் என்பது விடுமுறைக்கு மட்டும், அதுவும் கிடைத்தால். ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த ஞாயிறு கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. நான் இங்கயே இருந்துடட்டுமா? ஒரேயடியா?"

கேட்டுவிட்டு நிறுத்தினேன். அப்புறம் "சரிப்பா" என்றாள்.

"நிஜமாவா சொல்ற? உனக்கு வருத்தம் இல்லையே?"

"சரிப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக் குளியலறையில் போய் அழுதேன். வெளியே வந்து கல்லூரிக்குச் சம்மதம் என்று எழுதிப் போட்டேன். ஒப்பந்தக் காகிதம் போன வாரம் வந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மேசை மேலேயே கிடந்தது.

போன வாரம்தான் பெரிய காட்சியும் திறந்தது. விற்றவற்றையும் இரவல் வாங்கி, இருநூற்றுப் பதினான்கையும் தேதி வரிசையில் நாலு சுவரிலும் மாட்டியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, யாரோ மாதிரி உள்ளே போய் ஒரு மூலையில் நின்றேன். என் படத்தை யார் எத்தனை நொடி பார்க்கிறார்கள் என்று எண்ணுவது என் கெட்ட பழக்கம். சராசரி ஏழு நொடி. மூன்றாவது சுவருக்கு வந்ததும் அதுவும் கிடையாது.

ஒரு அம்மாள் மட்டும் முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். மளிகைப் பை ஒரு கையில், மூக்குக் கண்ணாடி நுனியில். முக்கால் மணி நேரம். எனக்குத் தலைகால் புரியவில்லை, ரசிகை என்றால் இவரல்லவா ரசிகை! கிட்டே போய் நான்தான் வரைந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அவர் என்னைப் பாராட்டவில்லை.

"இவங்களுக்கு வலது காது எப்போ போச்சு?" என்று கேட்டார்.

"என்னது?"

"நான் காதுக்கு மெஷின் பொருத்தறவ. இருபத்தாறு வருஷமா அதான் வேலை." இரண்டாவது சுவரின் நடுவைக் காட்டினார். "இதுவரைக்கும் வலது. இங்க மாத்தி மாத்தி வச்சுப் பாக்கறாங்க. இங்கேருந்து இடது மட்டும்தான். இந்த விரலைப் பாருங்க, காதுமடலைப் பின்னாலேருந்து முன்னாடி தள்ளிப் பிடிச்சிருக்காங்க. கேக்காதவங்கதான் இப்படிப் பிடிப்பாங்க. அப்புறம் அழுத்தறாங்க. இன்னும் அழுத்தறாங்க." கடைசிச் சுவருக்கு வந்தார். அந்தக் கறுப்பு அட்டைகள். என் துணிச்சல். "இந்த அளவுக்கு அழுத்தினா இந்தக் காதும் முடிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியாதா? தேதியெல்லாம் போட்டிருக்கீங்களே!"

நான் கடைசி அட்டையின் தேதியை மறுபடி படித்தேன். அவர் என் முழங்கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. அழைத்தேன். அரை நொடி மோவாய், அப்புறம் இருட்டு.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேன்மா." என் குரல் எனக்கே கேட்கவில்லை, செருமிக்கொண்டேன். "அம்மா, நான் ஒரு யானையைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

நிறுத்தினேன்.

"நல்லதுப்பா. உடம்பைப் பார்த்துக்க."

"யானை சுத்த சைவம். உனக்குப் பிடிக்கும்."

"சரிப்பா."

"அம்மா, நான் பேசறது கேக்குதா? ஒரு எழுத்தாவது கேக்குதா?"

"சரிப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எப்ப வர்ற, தேதி சொல்லு."

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்து, "சரிப்பா" என்றாள். நான் இணைப்பை வெட்டிவிட்டேன்.

அக்காவை அழைத்துக் கத்தினேன். அவள் எனக்கு மேல் கத்துகிறவள்.

"யாரைப் பாத்துடா கேக்கற? வாரா வாரம் அம்மாகிட்ட பேசறவன் நீ. நான் போனா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறா, கையைக் காட்டிப் பேசறோம். தம்பிக்குத் தெரியுமான்னு அம்மாகிட்ட கேட்டேன். 'சொல்லிட்டேன், அவன் சத்தமாப் பேசறான், நல்லாக் கேக்குது'ன்னு சொன்னா."

"மெஷின் வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?"

"வாங்கினேனே! கொய்ங்னு கத்துதுன்னு டப்பாவுல போட்டு மூடிட்டா. அதை விடு. போனை எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லித் தரேன்னு எத்தனை தடவை கேட்டேன்? நீதானே வேண்டாம்னே? முகத்தைப் பாத்திருந்தா முதல் நாளே உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் கத்துவதை நிறுத்தினேன். அவளும் அதற்குமேல் திட்டவில்லை, "நான் வேணா அம்மா பக்கத்துல போய் நிக்கட்டுமா? நீ சொல்றதை நான் புரிய வைக்கறேன்" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன். இங்கேயே இருக்கலாமா என்பதை அக்கா வாயால் கேட்டு வாங்க முடியாது. மேசை மேல் அந்தக் காகிதம். நான் எந்தச் சம்மதத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேனோ, அந்தச் சம்மதத்தை யாருமே எனக்குத் தரவில்லை. ஒரு சத்தம் நின்றதும் வந்த "சரிப்பா" அது. யானைக்கும் அதேதான் கிடைத்தது.

எழுதிக் காட்டலாம். அம்மா பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். ஆனால் போன் காதில் இருக்கும்போது எதைக் காட்டுவது? "காதிலிருந்து எடும்மா" என்று சொன்னால் கேட்காது. கேட்காததால்தான் காதில் வைக்கிறாள். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் அந்த அரை நொடி நினைவுக்கு வந்தது. மணி கேட்காது, திரை மினுங்குவதைப் பார்த்துத்தான் பச்சையைத் தள்ளுவாள்; தள்ளினதும், காதுக்குப் போகும் முன், அவள் கண் திரையில் இருக்கும்.

பெரிய அட்டை ஒன்றை எடுத்தேன். வெட்டாத, முழு அட்டை. விரல்தடிமன் எழுத்தில் கரியால் எழுதினேன்: காதுல வைக்காதம்மா. என்னைப் பாரு.

அட்டையைக் கேமராவுக்கு முன் பிடித்துக்கொண்டு அழைத்தேன். மோவாய், இருட்டு. "என்னப்பா, கட் ஆயிடுச்சா?" வெட்டினேன். மறுபடி அழைத்தேன். மோவாய், மூக்கு, இருட்டு. வெட்டினேன். கை வலித்தது, அட்டை ஆடியது. அழைத்தேன், வெட்டினேன். ஒரு பைத்தியக்காரன் இப்படித்தான் செய்வான் என்று தோன்றியது, விடவில்லை. ஆறாவதோ ஏழாவதோ தடவை, மோவாய் வந்தது, மூக்கு வந்தது, போன் மேலே போகாமல் அப்படியே நின்றது.

"என்னடா இது? எழுத்து மாதிரி இருக்கு. இரு, கண்ணாடி போட்டுக்கறேன்."

போனை மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். மின்விசிறி மெல்லச் சுற்றுவது தெரிந்தது. அதன் ஒரு இறக்கை அழுக்கு. நான் துடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் துடைக்காமல் கிளம்பிய விசிறி அது. செருப்புச் சத்தம் வந்தது. போன் மேலே எழுந்தது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள்ளிருந்து, என் அம்மா.

எவ்வளவு சின்ன முகம்! முன்பல் ஒன்று இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். "காதுல... வைக்காதம்மா. என்னைப் பாரு." படிக்கும்போது இடது புருவம் தானாக மேலே ஏறியது. நான் அட்டையை இறக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஐயோ, யாருடா இது? தலையெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சே! அப்பா மாதிரியே ஆயிட்டியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவ்வளவு வருடமும் அவளும் என்னைப் பார்க்கவில்லை. போன் காதில் இருந்தால் கண்ணுக்கு எங்கே தெரியும்? என்னைக் கடைசியாக நேரில் பார்த்தபோது எனக்கு ஒரு நரை கிடையாது.

நான் என் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். அம்மாவின் முகம் திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆனது.

"அக்கா சொல்லிட்டாளா? ஆமாம்பா, கேக்கல. ரெண்டு வருஷமா ஒண்ணும் கேக்கல. சொன்னா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவே, இல்லன்னா பேசறதையே விட்டுடுவே. செவிட்டுக் காதுல பேசி என்ன ஆகப் போகுதுன்னு நீ நெனச்சுட்டா? அதான் சொல்லல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா அழுத்தி வச்சா காதுல குறுகுறுங்கும். நீ பேசறேன்னு அர்த்தம். அது நின்னா நான் சரிப்பாம்பேன். மறுபடி குறுகுறுங்கும். வாரம் பூரா அதுக்குத்தான் காத்துட்டு இருப்பேன். எனக்கு அது போதும்டா."

நான் அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, கரிக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அசிங்கமாக அழுதேன். "அழாதடா, மூஞ்சியெல்லாம் கறுப்பாக்கிட்டே" என்று அவளும் அழுதாள்.

அப்புறம் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன். தூக்கிப் பிடிக்கப் பயமாக இருந்தது, ஆனாலும் பிடித்தேன்.

"நான்... இங்கயே... இருந்துடட்டுமா. ஒரேயடியா." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதை முன்னாடியே கேட்டியா?"

தலையாட்டினேன்.

"நான் என்ன சொன்னேன்?"

அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவளாம். மெல்ல, உதட்டைப் பிரித்துச் சொன்னேன். சரிப்பா.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் எத்தனை வருடமாயிற்று!

"இதுக்குப் போய் நான் சரிம்பேனா? என்னைக் கேட்டா சரின்னு சொல்ல மாட்டேன். உன் பேரும் புகழும் எனக்குத் தெரியும்டா, அக்கா பேப்பரெல்லாம் காட்டினா, ஊர் பூரா என் காதைப் பாக்கறாங்களாமே! பாக்கட்டும். ஆனா எனக்குச் சரி இல்ல. உன் கிட்ட எதுக்கும் முடியாதுன்னு சொன்னதில்ல. இதுக்கு முடியாது." மூச்சு வாங்கியது. "நீ வா."

சொல்லிவிட்டு, பழக்க தோஷம், என் பதிலைக் கேட்கப் போனைக் காதில் வைத்துவிட்டாள். திரை இருண்டது. ஓரத்தில் அந்த நூல் வெளிச்சம். பக்கத்தில் அட்டைத்துண்டு இருந்தது, கரித்துண்டு கையிலேயே இருந்தது. நான் வரையவில்லை.

"வரேன்மா" என்றேன் அந்த இருட்டைப் பார்த்து.

குறுகுறுவென்று போயிருக்க வேண்டும். "சரிப்பா" என்றாள்.

வெட்டினேன். புது அட்டை ஒன்றை எடுத்துக் கைக்குக் கிடைத்த இடத்தில் போட்டேன், அது கல்லூரிக் காகிதத்தின் மேல். எழுதி நிமிர்ந்தபோது கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் உள்ளங்கை கறுப்பாகப் பதிந்திருந்தது. அதைத் துடைக்க எனக்கு அப்போது நேரமில்லை, அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி அழைத்தேன். இந்தத் தடவை போன் காதுக்குப் போகவில்லை. அம்மா கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

அட்டையில் ஒரு தேதி மட்டும்தான் இருந்தது. இருநூற்றுப் பதினான்கு படத்திலும் தவறாமல் போட்டவன், இதில் அவசரத்தில் வருடம் போட மறந்திருந்தேன்.

அம்மா இரண்டு தடவை படித்தாள்.

"இது இந்த வருஷம்தானேப்பா?" என்று கேட்டாள்.